நாட்டமும் தொழிலும்

நுழையும்முன்

மேல்நிலை முதலாமாண்டில் அடியெடுத்து வைக்கும் மாணவரிடம் உறவினரும் அயலாரும் கேட்கும் முதற்கேள்வி, 'அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?' என்பதே. விடை தெரிந்தவர் சிலர்; தெரிந்ததுபோல் சொல்லிவைப்பவர் பலர். ஒருவருக்கு விருப்பமான துறை எவ்வாறு அமைகிறது, அதற்கும் பிழைப்புக்கான தொழிலுக்கும் உள்ள தொடர்பு யாது என்பதை நால்வருடைய இளமைக்காலத்தின் துணைகொண்டு இப்பாடம் விளக்குகிறது.

ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு நாட்டம் பிறவியிலேயே பொதிந்திருக்கிறது. புதையலைப்போல் அதைத் தோண்டி எடுத்துவிட்டால் வாழ்க்கை தானே நேர்வழியில் சென்றுவிடும் என்னும் எண்ணம் இன்று பரவலாக உள்ளது. மேடைப் பேச்சுகளும் வெற்றிக் கதைகளும் இவ்வெண்ணத்தை நாள்தோறும் வளர்க்கின்றன. இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. தம் நாட்டம் இன்னதென்று சொல்லத் தெரியாத மாணவர், தம்மிடம் ஏதோ குறை இருப்பதாகக் கருதி உள்ளூர வருந்துகிறார். சொல்லத் தெரிந்தவரோ, முதல் இடர்ப்பாடு வந்தவுடன் 'இது என் நாட்டமன்று போலும்' என்று கைவிட்டுவிடுகிறார்.

வெற்றி பெற்றவர்களின் கதைகள் பெரும்பாலும் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிச் சொல்லப்படுகின்றன. முடிவு தெரிந்தபின் திரும்பிப் பார்க்கும்போது, கோணல் மாணலாகச் சென்ற ஒற்றையடிப் பாதையும் நேரான நெடுஞ்சாலைபோல் தோன்றும். அப்பாதையில் நடந்தவர்களுக்கோ, நடந்த காலத்தில், அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்கவில்லை. தமிழுலகம் நன்கறிந்த ஒருவரின் வாழ்க்கையிலிருந்தே இதனைக் காணலாம்.

இருபத்தைந்தாம் வயதில் எழுந்த வினா

உ.வே. சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் இசையில் வல்லவர்; மகனும் இசைவாணனாக வேண்டும் என்று விரும்பினார். மகனுக்கோ தமிழின்மீதே மனம் சென்றது. பல ஊர்களில் பலரிடம் பாடம் கேட்டபின், 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். அங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் கற்கத் தொடங்கினார். ஆசிரியருக்கு அதில் விருப்பமில்லை என்று தெரிந்ததும் இசைப்பயிற்சியை நிறுத்திவிட்டார். தந்தையின் விருப்பத்துக்கும் தம் விருப்பத்துக்கும் நடுவே நிற்கும் இக்கால மாணவருக்கு இந்நிகழ்ச்சி அயலானதாகத் தோன்றாது.

இதுவரை இது 'நாட்டத்தைக் கண்டடைந்த' கதையே. ஆனால் சாமிநாதையரை இன்று உலகம் எதற்காக அறிந்திருக்கிறதோ, அந்தப் பணி இன்னும் தொடங்கவே இல்லை. 1880ஆம் ஆண்டு பிப்ரவரியில், மகாவித்துவானின் மற்றொரு மாணவரான தியாகராச செட்டியார் ஓய்வு பெற்ற இடத்தில், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். நிலையான வேலை, மதிப்பான பதவி, இருபத்தைந்து வயது. கற்க வேண்டியவற்றைக் கற்றாயிற்று என்று எண்ணி அமைதி கொள்ள எல்லாக் காரணமும் இருந்தது.

அவ்வாண்டு அக்டோபர் மாதம், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என்று சாமிநாதையர் ஒரு நீண்ட பட்டியலைச் சொன்னார். கேட்டவர் முகத்தில் வியப்பில்லை. அவற்றால் என்ன பயன் என்னும் பொருள்பட ஒரு கேள்வியே எழுந்தது. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலையைப் படித்ததுண்டா என்று அடுத்துக் கேட்டார். இல்லை என்றே விடை சொல்ல வேண்டியிருந்தது. பத்தாண்டுக் கல்வியை ஒரு பிற்பகல் உரையாடல் அசைத்துவிட்டது.

இங்கே சாமிநாதையர் செய்தது கவனிக்கத்தக்கது. அவர் புண்பட்டிருக்கலாம், நீதித்துறையில் இருப்பவருக்குத் தமிழைப் பற்றி என்ன தெரியும் என்று ஒதுக்கியிருக்கலாம். அவ்வாறின்றி, ஏடு கிடைத்தால் படிப்பதாகச் சொன்னார். முதலியார் சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். படிக்கத் தொடங்கியதும் பெரும்பகுதி விளங்கவில்லை. சமண சமயக் கொள்கைகளும் குறியீடுகளும் அவர் கற்ற கல்விக்கு வெளியே இருந்தன. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்று, அவர்கள் வீட்டுத் திண்ணையில் மாணவராக அமர்ந்து கேட்டறிந்தார். கல்லூரியில் ஆசிரியர், மாலையில் மாணவர்.

பதிப்புப் பணி என்பது யாது என்பதை இன்றைய மாணவர் எளிதில் கற்பனை செய்ய இயலாது. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒன்றுபோலவே எழுதப்பட்டிருக்கும். துணைக்காலையும் ரகரத்தையும் பிரித்தறிவது அரிது. மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதற்கு அடையாளம் இராது. ஏடு பெயர்த்து எழுதியவர்களின் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். ஆகவே ஒரு நூலின் பல பிரதிகளைத் தேடிச் சேர்த்து, ஒவ்வோர் அடியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் குறித்து, எது உண்மைப் பாடம் என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு சொல்லுக்காக நாள்கணக்கில் காத்திருக்க நேரும். அச்சிடப் பணமில்லாமல், நூல் வாங்குவோரிடம் முன்னதாகவே கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டவும் நேர்ந்தது.

ஏழாண்டுகளுக்குப் பின், 1887இல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. அதற்குள் மற்றொன்றும் நிகழ்ந்திருந்தது. நச்சினார்க்கினியர் தம் உரையில் பெயர் சுட்டாமல் எடுத்தாண்டிருந்த மேற்கோள் அடிகள் எந்த நூல்களைச் சேர்ந்தவை என்று தேடப் புகுந்தவர், சங்க இலக்கியங்களின் வாயிலில் வந்து நின்றார். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவருடைய பதிப்புகளாக வெளிவந்தன. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிப்பதே என் நாட்டம் என்று அவர் பதினாறு வயதில் சொல்லியிருக்க முடியாது. அப்படியொரு பணி இருப்பதே அப்போது அவருக்குத் தெரியாது. ஒரு வேலை மற்றொரு வேலையைக் காட்டியது. அது இன்னொன்றைக் காட்டியது.

சலிப்பு என்னும் உரைகல்

ஒரு துறை தமக்கு ஏற்றதா என்று அறிய மாணவர் பலரும், 'இது எனக்குப் பிடித்திருக்கிறதா?' என்று தம்மையே கேட்டுக்கொள்கின்றனர். இக்கேள்வி போதாது. பிடித்திருப்பது பெரும்பாலும் அத்துறையின் விளைவே. திரைப்படத்தைப் பார்ப்பது யாருக்கும் இனிக்கும். ஒரே காட்சியைப் படத்தொகுப்பு அறையில் நாற்பது முறை வெட்டி ஒட்டிப் பார்ப்பது சிலருக்கே பொறுக்கும். கைப்பேசியில் விளையாடுவது வேறு. அவ்விளையாட்டை இயக்கும் நிரலில் எங்கோ விடுபட்ட ஒரு குறியை இரவெல்லாம் தேடுவது வேறு. மருத்துவரின் வெண்ணிற மேலாடை கவரும். விழுப்புண்ணைக் கழுவிக் கட்டும் வேலை நாள்தோறும் காத்திருக்கும்.

எந்தத் தொழிலும் நாளின் பெரும்பகுதி சலிப்பூட்டும் நுண்வேலைகளால் ஆனது. ஆகவே, 'இத்துறையின் சலிப்பை என்னால் தாங்க முடியுமா?' என்பதே கூர்மையான கேள்வி. சுவடிகளை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது மற்றவர்க்குத் தண்டனையாக இருந்திருக்கும். சாமிநாதையர்க்கு அவ்வாறு இல்லை. யாரும் ஏவாமலும், மதிப்பெண் கிடைக்காது என்று தெரிந்தும், ஒரு மாணவர் எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறாரோ, அதில் பிழை நேர்ந்தால் எங்கே உறுத்தல் உண்டாகிறதோ, அங்கே நாட்டத்தின் முளை இருக்கக்கூடும். இதை எண்ணிப் பார்த்து அறிய இயலாது. செய்து பார்த்தே அறிய வேண்டும். விடுமுறையில் இரண்டு வாரம் ஒரு மின்பழுது நீக்குபவருடன் இருப்பது, ஊர் நூலகத்தில் நூல்களை அடுக்கி உதவுவது, வீட்டுக் கடையின் வரவு செலவை எழுதுவது ஆகியவை ஆயிரம் அறிவுரைகளைக் காட்டிலும் தெளிவைத் தரும். 'இது எனக்கு ஆகாது' என்று தெரிந்துகொள்வதும் ஒரு தெளிவுதான்.

மூடிய கதவும் தூக்கணாங்குருவியும்

பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1896இல் மும்பையில் பிறந்தார். பத்து வயதளவில், விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று இருந்தது. வழக்கமான சிட்டுக்கு அது இல்லையே என்று ஐயுற்றுத் தம் மாமாவிடம் காட்டினார். அவர் சிறுவனை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த செயலாளர் மில்லர்டு, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கியதோடு, பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த பறவைகள் நிறைந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார்.

சாலிம் அலியின் கதையைச் சொல்வோர் பலர் இவ்விடத்திலேயே நிறுத்திவிட்டு, அன்றே ஒரு பறவையியலாளர் பிறந்தார் என்று முடித்துவிடுவர். நடந்தது அத்துணை எளிதன்று. கல்லூரிக் கணக்கு அவரைத் துரத்தியது. 1914இல் பர்மாவுக்குச் சென்று குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலிலும் மரத் தொழிலிலும் ஈடுபட்டார். காட்டில் பறவைகளைப் பார்த்த அளவுக்குக் கணக்கேட்டைப் பார்க்கவில்லை போலும், வணிகம் நிலைக்கவில்லை. திரும்பி வந்து விலங்கியல் பயின்றார். 1926இல் மும்பை வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்க்கு இயற்கை வரலாற்றை விளக்கும் பணி கிடைத்தது. மேலும் கற்க 1928இல் விடுப்புப் பெற்றுப் பெர்லின் சென்று, ஸ்டிரெஸ்மான் என்னும் பேரறிஞரிடம் பயிற்சி பெற்றார். 1930இல் நாடு திரும்பியபோது, நிதி இல்லாமையால் அவருடைய பதவியே நீக்கப்பட்டிருந்தது.

கையில் வேலை இல்லை, வயது முப்பத்துமூன்று. செலவைக் குறைக்க, மும்பைக்கு அருகே கடலோரத்தில் இருந்த கிகிம் என்னும் சிற்றூரில் மனைவியின் குடும்பத்தார்க்கு உரிய வீட்டில் சென்று தங்கினார். அவ்வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேறு பணி இல்லாத அந்த மழைக்காலத்தில் அவற்றை நாள்தோறும் மணிக்கணக்கில் உற்றுநோக்கினார். ஆண் குருவி கூட்டைப் பாதியளவு பின்னி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து சோதித்து ஏற்றுக்கொண்ட பின்னரே அதை முழுமையாக்குகிறது. பின்பு அடுத்த கூட்டையும் அடுத்த துணையையும் நாடுகிறது. அதுவரை தெளிவாக அறியப்படாதிருந்த இவ்வாழ்க்கை முறையை அவர் எழுதி வெளியிட்ட கட்டுரை, பறவையியலாளர்களிடையே அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தது. இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் 1941இல் வெளிவந்து, பல தலைமுறையினரைப் பறவை நோக்குநராக்கியது.

வேலை இழப்பு நன்மையே தரும் என்று இதற்குப் பொருளில்லை. தங்க ஒரு வீடும் தாங்க ஒரு குடும்பமும் அவருக்கு இருந்தன. எல்லார்க்கும் அவை வாய்ப்பதில்லை. மூடிய கதவின்முன் நின்ற காலத்திலும் அவர் கண்களை மூடிக்கொள்ளவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

ஆசிரியப் பணியிலிருந்து ஆய்வுக்கு

தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளின் பாதை வேறுவகையானது. 1897இல் தலைச்சேரியில் பிறந்த அவர், பெண்கள் பள்ளிக்கல்வியைக்கூட முடிப்பது அரிதாக இருந்த காலத்தில் சென்னைக்கு வந்து, இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். அந்நாளில் கற்ற பெண்ணொருவர் எட்டக்கூடிய மதிப்புமிக்க எல்லை அதுவே என்று பலரும் கருதியிருப்பர். அவரோ உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். கரும்பையும் அதன் உறவினமான புல்வகைகளையும் கலப்பினம் செய்து, உயிரணுக்களிலுள்ள குரோமோசோம்களை நுண்ணோக்கியின்கீழ் எண்ணிப் பதிவு செய்தார். எண்ணுதல் என்றால் எளிதன்று. கரும்பின் ஓர் உயிரணுவில் அவை நூற்றுக்கு மேலும் இருக்கக்கூடும், ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். பின்னர் இங்கிலாந்தில் டார்லிங்டனுடன் இணைந்து, பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945இல் பெருநூலாக வெளியிட்டார். ஆசிரியத் தொழிலை அவர் வெறுத்து விலகியதாகக் கருத வேண்டியதில்லை. கற்பித்த பாடத்துக்குள்ளேயே இன்னும் ஆழமான ஓர் அறை இருப்பதைக் கண்டு உள்ளே நுழைந்தார்.

பிழைப்பும் நாட்டமும்

இவ்வளவையும் படிக்கும் மாணவர் ஒருவர், 'எங்கள் வீட்டில் நான் விரைவில் சம்பாதிக்க வேண்டும். நாட்டத்தைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை' என்று எண்ணலாம். நியாயமான எண்ணமே. நாட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் வயிற்றைப் பற்றிப் பேச மறந்துவிடுகின்றனர். பதினொன்றாம் வகுப்பில் தேர்ந்த பாடப்பிரிவு வாழ்நாள் முழுமைக்குமான பூட்டு என்று அஞ்சத் தேவையில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு கைத்தொழிலைக் கற்று, தொழில் பழகுநராக உதவித்தொகையுடன் ஆலையில் சேரலாம். பல்தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டயம் பெற்றவர், பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழி உள்ளது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க விழைவோர்க்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதல் இயங்கி வருகிறது. முதலில் பிழைப்பு, பிறகு படிப்பு என்பது தாழ்ந்த வரிசையன்று.

முதல் வேலை நாட்டத்தோடு பொருந்தியே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சில வேளைகளில், நாட்டத்துக்கு நிழல் தரும் கூரையாக அது இருந்தால் போதும். கணித அறிஞர் இராமானுசனின் வாழ்க்கை இதற்குச் சான்று. சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறுதல் பெற்றுக் கும்பகோணம் கல்லூரியை விட்டுச் சென்றது 1903இல். அதற்கு அடுத்த ஆண்டு, அதே கல்லூரியில் உதவித்தொகையுடன் மாணவராகச் சேர்ந்தவர் இராமானுசன். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறாமையால் உதவித்தொகை போயிற்று. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்வில் வெற்றி கிட்டவில்லை.

மேதைகள் தேர்வில் தோற்பது இயல்பு என்று இதனைப் பெருமைபோல் எடுத்துரைப்பவர் உண்டு. அத்தோல்வியின் விலை என்ன என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பட்டம் இல்லாமையால் பல ஆண்டுகள் வருவாயின்றி, வழிகாட்ட ஆளின்றி, முன்பே பிறர் கண்டறிந்துவிட்ட முடிவுகளையும் தாமே மீண்டும் கண்டறிந்துகொண்டு தனிமையில் கழித்தார். கணக்கு எழுதிய குறிப்பேடுகளைக் கையில் ஏந்தி, உதவக்கூடியவர் என்று கேள்விப்பட்டவர்களின் வாயிலில் எல்லாம் நின்றார். நெல்லூர் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். பிறர் பொருளில் நெடுநாள் வாழ இராமானுசனுக்கு விருப்பமில்லை. தமக்கென ஒரு வேலை வேண்டும் என்றார்.

1912 மார்ச் முதல் நாள், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். கணித மேதைக்கு வெறும் எழுத்தர் வேலையா என்று இன்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்த நாற்காலி அவருக்கு மூன்றைத் தந்தது. வீட்டுக்கு அரிசி வந்தது. வேலை முடிந்தபின் கணக்குப் போட நேரம் கிடைத்தது. துறைமுகத்தில் கிடந்த பொதி கட்டும் தாள்களிலும் அவர் கணக்கு எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கு உயர் அலுவலராக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் அறிந்தவர். மாலை நேரங்களில் இருவரும் கற்பலகைகளுடன் அமர்ந்து கணக்கிட்டனர். தமக்கு விளங்கும் வகையில் படிப்படியாக எழுதுமாறு இராமானுசனைத் தூண்டியவர் அவர். கழகத்தின் தலைவரான பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார்.

இங்கிலாந்துக் கணித அறிஞர்களுக்கு எழுதிப் பார்க்கலாம் என்னும் துணிவு அதன்பின் பிறந்தது. முதலில் எழுதப்பட்டவர்களிடமிருந்து பயன் கிட்டவில்லை. கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு 1913 ஜனவரி 16ஆம் நாள் மற்றொரு கடிதம் புறப்பட்டது. உலகக் கணித வரலாற்றில் இடம்பெற்ற அக்கடிதத்தின் முதல் வரியில் இராமானுசன் தம்மைக் கணிதன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சென்னைத் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில், ஆண்டுக்கு 20 பவுன் ஊதியம் பெறும் எழுத்தர் என்றே அறிமுகம் செய்துகொண்டார். தேற்றங்கள் அதன்பின் பக்கம் பக்கமாகத் தொடர்ந்தன.